கலக்கத் தேவையில்லாத ஃபார்முலா பாலில் என்ன சத்து இருக்கிறது? அமெரிக்காவில் வாழும் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்க மருத்துவமனையில் பிரசவம் முடிந்தபின், தாய்ப்பால் இன்னும் சுரக்கவில்லை அல்லது போதவில்லை என்ற நிலை வந்தால், செவிலியர் 2 அவுன்ஸ் பிடிக்கும் சிறு புட்டியில் பால் கொண்டுவந்து தருவார். மூடியைத் திருகி, காம்பைப் பொருத்தி, அப்படியே புகட்டலாம். மாவும் வேண்டாம், வெந்நீரும் வேண்டாம். லேபிளில் 'ரெடி டு ஃபீட்' என்று இருக்கும். ஊரில் பால்மாவு டப்பாவை மட்டுமே பார்த்துப் பழகிய நம் குடும்பங்களுக்கு, அதிலும் பேறுகாலம் பார்க்க வந்திருக்கும் பாட்டிமார்களுக்கு, இந்தப் பாலைப் பற்றிச் சந்தேகங்கள் எழுவது இயல்பு. கீழே உள்ள பதில்கள் நிறைமாதத்தில் பிறந்த, உடல்நலமுள்ள குழந்தையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. குறைமாதக் குழந்தைகளைப் பற்றித் தனியாக ஒரு கேள்வி உண்டு.

இதற்கும் பால்மாவுக்கும் சத்தில் வேறுபாடு உண்டா?

ஏறக்குறைய இல்லை. அமெரிக்கக் கடைகளில் ஃபார்முலா பால் மூன்று வடிவங்களில் கிடைக்கிறது: தண்ணீரில் கரைக்கும் மாவு, சம அளவு தண்ணீர் சேர்க்க வேண்டிய அடர்திரவம், எதுவும் சேர்க்காமல் புகட்டும் திரவம். முறைப்படி கலந்த பிறகு மூன்றுமே வழக்கமாக அவுன்ஸுக்கு 20 கலோரி, அதாவது 100 மில்லிக்குச் சுமார் 67 கலோரி என்ற ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கின்றன. தாய்ப்பாலின் சராசரி ஆற்றலை ஒட்டி வைக்கப்பட்ட அளவு இது. எனவே விலை அதிகமான திரவப் பால் கூடுதல் சத்துள்ளது என்று எண்ண வேண்டியதில்லை. அந்தக் கூடுதல் விலை, தண்ணீரை யாரோ முன்கூட்டியே சரியாக அளந்து, கிருமி நீக்கி, அடைத்துக் கொடுத்ததற்கானது. அந்த அளவு எவ்வளவு முக்கியமானது என்பதுதான் இந்தப் பக்கத்தில் திரும்பத் திரும்ப வரப்போகும் செய்தி.

லேபிளில் உள்ள எண்களை எப்படிப் படிப்பது?

மற்ற உணவுப் பொருள்களில் 'ஒரு வேளைக்கு' அல்லது '100 கிராமுக்கு' என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த லேபிள் சற்றுப் புதிதாகத் தோன்றும். அமெரிக்க ஃபார்முலா லேபிளில் எல்லாச் சத்துகளும் '100 கலோரிக்கு' என்ற கணக்கிலேயே தரப்படுகின்றன. பக்கத்தில் '5 அவுன்ஸ்' என்றும் இருக்கும். 5 அவுன்ஸ் என்பது 148 மில்லி. பசும்பாலை அடிப்படையாகக் கொண்ட வழக்கமான ஒரு தயாரிப்பில், இந்த 148 மில்லியில் புரதம் சுமார் 2 கிராம், கொழுப்பு சுமார் 5.5 கிராம், மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்) சுமார் 11 கிராம் இருக்கும். எஞ்சியதில் ஏறத்தாழ 134 கிராம் தண்ணீர். தண்ணீரையும் ஒரு சத்தாகவே லேபிள் குறிப்பிடுவதைக் கவனியுங்கள்.

கலோரிக் கணக்கில் பார்த்தால், பாதி கொழுப்பிலிருந்தும், நாற்பது சதவீதத்துக்குச் சற்று மேல் மாவுச்சத்திலிருந்தும், எட்டு சதவீதம் மட்டும் புரதத்திலிருந்தும் வருகிறது. பெரியவர் ஒருவரின் சாப்பாடு இந்த விகிதத்தில் இருந்தால் மருத்துவர் கண்டிப்பார். ஆனால் ஐந்தாறு மாதத்தில் தன் பிறப்பு எடையை இரட்டிப்பாக்க வேண்டிய, சின்னஞ்சிறு வயிறு கொண்ட ஒரு உயிருக்கு, குறைந்த கொள்ளளவில் நிறைய ஆற்றலைத் தரக்கூடியது கொழுப்பு ஒன்றுதான். தாய்ப்பாலும் பாதி ஆற்றலைக் கொழுப்பிலிருந்தே தருகிறது.

ஓர் எடுத்துக்காட்டு: 5 கிலோ எடையுள்ள குழந்தை, கிலோவுக்கு 150 மில்லி என்ற தோராயக் கணக்கில், நாளைக்கு 750 மில்லி குடித்தால் அதற்குச் சுமார் 500 கலோரியும் 10 கிராம் புரதமும் கிடைக்கும். கிலோவுக்கு 100 கலோரி, 2 கிராம் புரதம் என்று கணக்கு அழகாகப் பொருந்தி வருகிறது. ஆனால் ஒவ்வொரு குழந்தையின் பசியும் ஒவ்வொரு விதம். கணக்கை வைத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பும் குழந்தைக்குக் கடைசிச் சொட்டு வரை புகட்டக் கூடாது.

பசும்பாலில் இதைவிடப் புரதம் அதிகம்தானே? அதையே கொடுத்தால் என்ன?

அதிகம் என்பதே சிக்கல். 100 மில்லி பசும்பாலில் 3.3 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. தாய்ப்பாலில் 1 கிராம் அளவுக்குத்தான். ஃபார்முலாவில் சுமார் 1.4 கிராம். கன்றுக்குட்டி மனிதக் குழந்தையைவிடப் பல மடங்கு வேகமாக வளர்வது. அதன் தாயின் பால் அதற்கேற்ப அமைந்தது. பசும்பாலின் சோடியமும் பாஸ்பரசும் தாய்ப்பாலைவிடப் பல மடங்கு. இவ்வளவு உப்பையும் புரதக் கழிவையும் சிறுநீரில் வெளியேற்றும் அளவுக்குப் பச்சைக் குழந்தையின் சிறுநீரகம் முதிர்ந்திருப்பதில்லை. அதோடு பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத இரத்தக் கசிவை உண்டாக்கி, இருக்கும் இரும்பையும் குறைத்துவிடுகிறது. முதல் 12 மாதங்களுக்குப் பசும்பாலை முதன்மை ஆகாரமாகக் கொடுக்கக் கூடாது என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

புரதத்தின் அளவு மட்டுமல்ல, வகையும் வேறு. பசும்பாலின் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசின். வயிற்றில் கெட்டியாகத் திரள்வது. முதிர்ந்த தாய்ப்பாலில் மென்மையாகத் திரளும் 'வே' (whey) என்ற வகைப் புரதமே பாதிக்கு மேல். அதனால் பல தயாரிப்பாளர்கள் பசும்பால் புரதத்தோடு வே புரதத்தைத் தனியாகச் சேர்த்துத் தாய்ப்பாலின் விகிதத்துக்கு அருகில் கொண்டுவருகிறார்கள்.

இந்தக் கொழுப்பு எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் தாவர எண்ணெய்களிலிருந்து: தேங்காய், சோயா, சூரியகாந்தி, குசும்பா, சில தயாரிப்புகளில் பனை எண்ணெய். பல எண்ணெய்களைக் கலப்பதற்குக் காரணம், எந்த ஒற்றை எண்ணெயும் தாய்ப்பாலின் கொழுப்பமில அமைப்பை ஒத்திருப்பதில்லை என்பதே. உடல் தானாக உற்பத்தி செய்ய முடியாத லினோலெயிக் அமிலம் 100 கலோரிக்குக் குறைந்தது 300 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம்.

டிஎச்ஏ, எச்எம்ஓ என்றெல்லாம் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்களே, அதற்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

டிஎச்ஏ, ஏஆர்ஏ என்பவை மூளையிலும் விழித்திரையிலும் செறிந்திருக்கும் நீண்ட கொழுப்பமிலங்கள். தாய்ப்பாலில் இயற்கையாக உள்ளவை. 2002 முதல் அமெரிக்க ஃபார்முலாக்களில் சேர்க்கப்படுகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2020 முதல் டிஎச்ஏவைக் கட்டாயமாக்கிவிட்டது, அமெரிக்கா கட்டாயமாக்கவில்லை. இரண்டு பெரிய ஒழுங்குமுறைகள் இப்படி மாறுபடுவதிலிருந்தே இதில் கருத்தொற்றுமை இல்லை என்பது விளங்கும். நிறைமாதக் குழந்தைகளிடம் நடந்த சோதனைகளை ஒன்றுதிரட்டிப் பார்த்த ஆய்வுகளில், அறிவுத்திறனில் நிலையான நன்மை எதுவும் தென்படவில்லை. எச்எம்ஓ என்பவை தாய்ப்பாலில் உள்ள, குழந்தையால் செரிக்க முடியாத, ஆனால் குடலின் நல்ல நுண்ணுயிரிகளுக்கு உணவாகும் சர்க்கரைகள். தாய்ப்பாலில் இவை நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளில் உள்ளன. ஃபார்முலாவில் ஒன்றோ சிலவோ மட்டும் சேர்க்கப்படுகின்றன.

இவற்றால் தீங்கில்லை. ஆனால் இவை இல்லாத, கடைகள் தங்கள் சொந்தப் பெயரில் மலிவாக விற்கும் தயாரிப்பும் அதே சட்டத்தின் கீழ், அதே கட்டாயச் சத்துகளோடுதான் வருகிறது. குடும்ப வருமானம் இறுக்கமாக இருக்கையில், முகப்பில் எழுதியிருக்கும் மூன்றெழுத்துக்காகக் கடன் அட்டையைத் தேய்க்கும் பெற்றோரைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்தப் பணத்தை மிச்சப்படுத்துவதில் குற்ற உணர்ச்சி கொள்ள எதுவுமில்லை.

11 கிராம் மாவுச்சத்து என்றால் அவ்வளவும் சர்க்கரையா?

வழக்கமான தயாரிப்பில் அது முழுவதும் அல்லது பெரும்பகுதி லாக்டோஸ், அதாவது பாலில் இயற்கையாக உள்ள சர்க்கரை. தாய்ப்பாலில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 7 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. ஃபார்முலாவும் அதை ஒட்டியே உள்ளது. 'சென்சிடிவ்' என்ற பெயரிலும், லாக்டோஸ் இல்லை என்ற குறிப்போடும் வரும் தயாரிப்புகளில் அதற்குப் பதிலாகச் சோளச் சர்க்கரைப்பாகின் உலர்ந்த வடிவமோ மால்டோடெக்ஸ்ட்ரினோ இருக்கும். குழந்தை வாயு பிரிக்கிறது, முனகுகிறது என்பதற்காக மட்டும் அதற்கு மாறத் தேவையில்லை. பிறவியிலேயே லாக்டோஸ் செரிக்காத குழந்தைகள் மிக அரிது. பெரியவர்களான பிறகு நம்மில் பலருக்கு வரும் பால் செரியாமையோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அந்த அரிய குழந்தைகளுக்கும், கேலக்டோசீமியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்களுக்கும் மட்டும் லாக்டோஸை முற்றிலும் விலக்க வேண்டும்; அதை மருத்துவர்தான் சோதித்துச் சொல்வார்.

இரும்புச்சத்து சேர்த்த பால் மலச்சிக்கல் தரும் என்கிறார்களே?

இந்த நம்பிக்கை அமெரிக்கர்களிடமும் இருக்கிறது, நம்மவரிடமும் இருக்கிறது. இரும்பு மிகுந்த பாலையும் குறைந்த பாலையும் ஒப்பிட்டு நடத்திய சோதனைகளில் மலச்சிக்கலிலோ வயிற்று வலியிலோ வாந்தியிலோ வேறுபாடு தெரியவில்லை. மலம் சற்றுக் கரும்பச்சையாக மாறலாம், அது நோயல்ல.

ஃபார்முலாவில் லிட்டருக்கு 10 முதல் 12 மில்லிகிராம் இரும்பு இருக்கும். தாய்ப்பாலில் லிட்டருக்கு அரை மில்லிகிராம்கூட இல்லை. இதைப் பார்த்துத் தாய்ப்பால் தரம் குறைந்தது என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. தாய்ப்பாலின் இரும்பில் பாதியளவு வரை உடல் ஏற்றுக்கொள்கிறது. ஃபார்முலாவின் இரும்பில் மிகச் சிறு பங்கே உள்ளே போகிறது. அதை ஈடுகட்டத்தான் அளவை ஏற்றி வைத்திருக்கிறார்கள். லேபிளில் உள்ள எண்ணும் இரத்தத்தில் சேரும் அளவும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. 100 கலோரிக்கு 1 மில்லிகிராமோ அதற்கு மேலோ இரும்பு இருந்தால் 'வித் அயர்ன்' என்று லேபிளில் இருக்கும், அதையே வாங்குங்கள்.

வைட்டமின் டி சொட்டு தனியாகக் கொடுக்க வேண்டுமா?

குடிக்கும் அளவைப் பொறுத்தது. குழந்தைக்கு நாளொன்றுக்கு 400 அலகு வைட்டமின் டி வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் பரிந்துரை. லிட்டருக்கு 400 அலகு கொண்ட பாலை 750 மில்லி குடிக்கும் குழந்தைக்கு 300 அலகே கிடைக்கிறது. ஏறக்குறைய ஒரு லிட்டர், அதாவது 32 அவுன்ஸ், குடிக்கத் தொடங்கும்வரை சொட்டு மருந்து தேவைப்படலாம். தாய்ப்பாலையும் ஃபார்முலாவையும் மாற்றி மாற்றிக் கொடுப்பவர்கள் இதை மறந்துவிடுவது வழக்கம். 'ஃபார்முலாவில்தான் எல்லாம் இருக்கிறதே' என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

இவ்வளவு சத்து இருக்க வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்?

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு துயரக் கதை இருக்கிறது. 1978இல் அமெரிக்காவில் சின்டெக்ஸ் என்ற நிறுவனம், நியோ-முல்-சோய், சோ-ஃப்ரீ என்ற இரண்டு சோயா ஃபார்முலாக்களில் சேர்த்துவந்த உப்பை நிறுத்தியது. சோடியம் அதிகம் வேண்டாம் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் சாதாரண உப்பு என்பது சோடியம் மட்டுமல்ல, குளோரைடும்கூட. உப்போடு சேர்ந்து குளோரைடும் போய்விட்டது. 1979இல் பசியின்றி, எடை ஏறாமல், துவண்டுபோய் மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளின் இரத்தம் காரத்தன்மை மிகுந்திருந்ததை மருத்துவர்கள் கண்டார்கள். விசாரித்துக்கொண்டே போனபோது எல்லாருடைய வீட்டிலும் இந்தப் பால்தான் இருந்தது. அந்தக் குழந்தைகளின் பெற்றோர் விடாமல் குரல் கொடுத்ததன் விளைவாக, 1980 செப்டம்பரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்டு, குழந்தை ஃபார்முலாவுக்கென்றே தனிச் சட்டம் வந்தது.

இன்று அந்தச் சட்டத்தின்படி 30 சத்துகளுக்குக் குறைந்தபட்ச அளவு உண்டு. அவற்றில் புரதம், கொழுப்பு, வைட்டமின் ஏ, வைட்டமின் டி, இரும்பு, அயோடின், செலினியம், சோடியம், பொட்டாசியம், குளோரைடு ஆகிய பத்துக்கு மேல்வரம்பும் உண்டு. குளோரைடுக்கு 100 கலோரிக்கு 55 முதல் 150 மில்லிகிராம், சோடியத்துக்கு 20 முதல் 60 மில்லிகிராம், புரதத்துக்கு 1.8 முதல் 4.5 கிராம். முப்பதாவதாகச் செலினியம் சேர்ந்தது 2015இல்தான். உலக அளவில் பல நாடுகள் பின்பற்றும் கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரமும் இருக்கிறது. அது ஆற்றலை 100 மில்லிக்கு 60 முதல் 70 கலோரி என்றும், புரதத்தை 100 கலோரிக்கு 1.8 முதல் 3 கிராம் என்றும் வரையறுக்கிறது.

ஒரு சத்து தவறினால் என்ன ஆகும் என்பதை 2003இல் இஸ்ரேல் மீண்டும் கண்டது. ரெமெடியா என்ற பெயரில் விற்ற சோயா ஃபார்முலா ஒன்றில், லேபிளில் இருந்த தயமின், அதாவது வைட்டமின் பி1, உண்மையில் இல்லை. குழந்தைகள் மூளை பாதிக்கப்பட்டனர், சிலர் இறந்தனர். வேறு எந்த ஆகாரமும் உண்ணாத ஓர் உயிருக்கு ஒரே பால்தான் முழு உலகம். நாம் ஒரு வேளை கீரை சாப்பிடாவிட்டால் மறுவேளை சாப்பிடலாம். அதற்கு மறுவேளையும் அதே புட்டிதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஃபார்முலாவை 'அங்கீகரிப்பது' இல்லை. புதிய தயாரிப்பைச் சந்தைக்குக் கொண்டுவருவதற்கு 90 நாள் முன்பே தயாரிப்பாளர் முழு விவரத்தையும் அந்த நிர்வாகத்திடம் தர வேண்டும். தேவையான சத்துகளும் சோதனைகளும் இருக்கின்றனவா என்று அது பரிசீலிக்கும். எனவே 'அரசு அங்கீகாரம் பெற்ற ஃபார்முலா' என்று யாராவது இணையத்தில் விற்றால் எச்சரிக்கையாக இருங்கள்.

பால் கெட்டியாக இருக்கிறது; கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கொடுக்கலாமா?

கூடாது. இந்தக் கேள்வியை நம் வீடுகளில் கேட்பவர் பெரும்பாலும் அன்பு மிகுந்த ஒரு பாட்டி. 'பச்சப் பிள்ள, இவ்ளோ கெட்டியா குடிச்சா செரிக்குமா? வயித்த இழுத்துப் புடிக்கும்' என்று அவர் சொல்வதில் அக்கறைதான் இருக்கிறது. ஊரில் பசும்பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டுக் குழந்தைகளை வளர்த்த அனுபவம் அது. அந்தப் பாலுக்கு அது ஓரளவு பொருந்தியது, ஏனெனில் அதில் புரதமும் உப்பும் மிகை. இந்தப் பாலில் மிகை எதுவும் இல்லை. நான்கு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்த்தால், ஆற்றலும் புரதமும் இரும்பும் உட்பட அத்தனையும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும்; வயிறு மட்டும் நிரம்பிவிடும். குழந்தை எடை ஏறாது. அதைவிடப் பெரிய ஆபத்து, இரத்தத்தில் சோடியம் சரிந்து வலிப்பு வருவது. முதல் ஆறு மாதத்தில் வெயில் காலத்திலும் தனியாகத் தண்ணீர் தேவையில்லை. 88 சதவீதம் தண்ணீர் பாலிலேயே இருக்கிறது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. அடர்திரவமும் கலக்கத் தேவையில்லாத இந்தப் பாலும் ஒரே நிறுவனத்தின் ஒரே வண்ணப் பெட்டியில், கடையில் ஒரே தட்டில் இருக்கும். அடர்திரவத்தைத் தண்ணீர் சேர்க்காமல் கொடுத்தால் குழந்தைக்கு இரு மடங்கு செறிவில் எல்லாம் போகும். நீர் வற்றி, சோடியம் ஏறிவிடும். 'ரெடி டு ஃபீட்', 'கான்சன்ட்ரேட்டட் லிக்விட்' என்ற இரண்டு சொற்களையும் ஆங்கிலம் படிக்காத பாட்டிக்கும் எழுத்தின் வடிவத்தைக் காட்டி அடையாளம் சொல்லி வையுங்கள். இரண்டையும் ஒரே வீட்டில் வாங்கி வைக்காமல் இருப்பது இன்னும் நல்லது.

சர்க்கரை, தேன், ராகிக் கூழ் என எதையும் புட்டியில் கலக்காதீர்கள். தேன் ஒரு வயதுக்கு முன் வேறு ஒரு காரணத்தாலும் ஆகாது: போட்டுலிசம் என்ற நச்சு நோய்க்கு அது வழி.

புட்டியில் மாதக்கணக்கில் இருக்கும் பாலில் சத்து அழிந்துவிடாதா?

கொஞ்சம் குறையும். குறிப்பாக வைட்டமின் சி வெப்பத்திலும் காலப்போக்கிலும் குறைவது. ரிபோஃபிளேவினும் (வைட்டமின் பி2) வைட்டமின் ஏயும் ஒளி பட்டால் சிதைபவை. இதை அறிந்தே தயாரிப்பாளர்கள் தொடக்கத்தில் சற்றுக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். லேபிளில் உள்ள தேதிவரை, லேபிளில் சொன்ன அளவுக்குக் குறையாமல் சத்து இருக்க வேண்டும் என்பது சட்டப் பொறுப்பு. அந்தத் தேதி தாண்டிய பாலை மலிவு விலைக்குக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். திரவப் பால் மாவைவிடச் சற்றுப் பழுப்பாகத் தெரிவது, கிருமி நீக்கும் கடும் வெப்பத்தில் லாக்டோஸும் புரதமும் வினைபுரிவதால். பால்கோவா கிண்டும்போது நிறம் மாறுவதும் அதே வினைதான்.

கொடுப்பதற்கு முன் நன்றாகக் குலுக்க வேண்டும். நின்றுகொண்டே இருக்கும் புட்டியில் கொழுப்பு மேலே மிதக்கும், சுண்ணாம்புச் சத்து உப்புகள் அடியில் படியும். குலுக்காமல் ஊற்றினால் முதல் வேளைக்கும் கடைசி வேளைக்கும் ஒரே சத்து கிடைக்காது. இந்தப் பிரிவைத் தடுக்கத்தான் கராஜீனன் போன்ற நிலைப்படுத்திகள் திரவ வடிவில் சேர்க்கப்படுகின்றன; மாவின் மூலப்பொருள் பட்டியலிலிருந்து இது வேறுபடும் ஓர் இடம் இதுவே.

திறந்த பெரிய புட்டியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து 48 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். குழந்தை வாய் வைத்த பால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

அப்படியானால் பால்மாவைவிட இது பாதுகாப்பானதா?

கிருமி என்ற ஒரு கோணத்தில், ஆம். பால்மாவு கிருமி நீக்கப்பட்டதல்ல. அதில் குரோனோபாக்டர் என்ற பாக்டீரியா அரிதாக இருக்கக்கூடும். அதனால்தான் 2 மாதத்துக்குட்பட்ட, குறைமாதத்தில் பிறந்த, நோய் எதிர்ப்பாற்றல் குறைந்த குழந்தைகளுக்கு முடிந்தால் திரவ வடிவைத் தரும்படி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. உடல்நலமுள்ள, சற்று வளர்ந்த குழந்தைக்கு, சுத்தமாகவும் அளவாகவும் கலந்த மாவு போதுமானது.

இது தாய்ப்பாலுக்கு ஈடாகுமா?

எண்ணக்கூடிய சத்துகளில் அருகில் வரும். தாய்ப்பாலின் எதிர்ப்புப் புரதங்கள், உயிருள்ள வெள்ளணுக்கள், நொதிகள், குழந்தையின் வயதுக்கும் வேளைக்கும் ஏற்ப மாறும் அமைப்பு ஆகியவை எந்தப் புட்டியிலும் இல்லை. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. முதல் இரண்டு மூன்று நாள் சீம்பால் சில கரண்டி அளவே வருவதைப் பார்த்துப் 'பால் இல்லை' என்று முடிவு செய்து புட்டிக்குப் போய்விட வேண்டாம். அந்தக் குழந்தையின் வயிறும் அவ்வளவுதான். அதேபோல், உண்மையில் தேவைப்பட்டுக் கொடுக்கும் தாயை உறவினர் யாரும் குறைசொல்லவும் கூடாது.

குறைமாதக் குழந்தைக்கும் இதே பால்தானா?

இல்லை. அவர்களுக்கு அவுன்ஸுக்கு 22 அல்லது 24 கலோரி உள்ள, புரதமும் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் உயர்த்தப்பட்ட தனித் தயாரிப்புகள் உள்ளன. எதை, எத்தனை மாதம் என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

ஃபுளோரைடு பற்றிக் கேள்விப்பட்டேன். அது என்ன?

மாவைக் கரைக்கும்போது உங்கள் குழாய் நீரில் உள்ள ஃபுளோரைடும் பாலோடு சேர்கிறது. தயாராக அடைத்த திரவப் பாலில் ஃபுளோரைடு மிகக் குறைவு. பல அமெரிக்க நகரங்களின் குடிநீரில் சேர்க்கப்படும் அளவில், பற்களில் மெல்லிய வெண்புள்ளிகள் வருவதற்குச் சிறு வாய்ப்பு உண்டு; அதற்கு மேல் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் விடுமுறைக்குத் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போகும் குடும்பங்கள் கவனிக்க வேண்டும். அங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காகவே வந்தது. ஆழ்துளைக் கிணற்று நீரில் பால்மாவு கலக்காதீர்கள். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. நீர் வற்றி, செறிவு கூடத்தான் செய்யும்.

ஊருக்குப் போகும்போது அங்கே கிடைக்கும் பால்மாவுக்கு மாறலாமா?

மாறலாம். இந்தியக் கடைகளில் பெரும்பாலும் மாவுதான் கிடைக்கும். சத்தில் பெரிய மாற்றம் இராது. கலக்கும் முறையில்தான் கவனம் வேண்டும். அமெரிக்க மாவுக்குப் பொதுவாக ஒரு கரண்டிக்கு 2 அவுன்ஸ், அதாவது 60 மில்லி தண்ணீர். இந்தியத் தயாரிப்புகளில் பொதுவாக ஒரு கரண்டிக்கு 30 மில்லி. ஒன்றின் கரண்டியை மற்றொன்றின் டப்பாவில் போட்டால் பால் பாதியாக நீர்த்துவிடும் அல்லது இரட்டிப்பாகக் கெட்டிப்படும். டப்பாவுக்குள் இருக்கும் கரண்டி, அந்த டப்பாவில் எழுதிய அளவு, வேறெதுவும் வேண்டாம். இந்தியாவில் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இவ்வகைப் பாலுக்கு விளம்பரம் செய்யவே தடை உண்டு. டப்பாவில் குழந்தைப் படம்கூட இருக்காது. அதைக் கண்டு தரம் குறைவு என்று நினைத்துவிட வேண்டாம்.

எப்போது நிறுத்துவது?

ஆறு மாதம் அளவில் திட உணவு தொடங்கிய பிறகும், 12 மாதம் வரை இதுவே முதன்மைப் பால். பிறகு முழுக்கொழுப்புப் பசும்பாலுக்கு மாறலாம். நாளைக்கு 16 முதல் 24 அவுன்ஸ் போதும், அதற்கு மேல் போனால் சோறும் பருப்பும் இறங்காது, இரும்பும் குறையும். ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று கடையில் அடுத்த தட்டில் இருக்கும் 'டாட்லர்' பால், மேலே சொன்ன குழந்தை ஃபார்முலாச் சட்டத்துக்குள் வருவதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2023இல் வெளியிட்ட அறிக்கையில் பெரும்பாலான குழந்தைகளுக்கு அது தேவையில்லை என்றே சொல்லியிருக்கிறது.